கால் டு ஆக்‌ஷன்: ‘செயலழைப்பு’ வேண்டாம், ‘கைகாட்டி’ போதுமே

> விளம்பரத்தில் ‘இதைச் செய்யுங்கள்’ என்று வாசகரிடம் சொல்லும் வரியான ‘கால் டு ஆக்‌ஷன்’ என்பதற்குச் ‘செயலழைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

இலக்கணப்படி குறையில்லை. ஆனால் எதிர்வீட்டு ஆச்சியிடம் அதைச் சொன்னதும், “வாட்ஸ்அப்பில் வருமே, அந்தக் காலா?” என்று கேட்டார். ‘செயலி’ ஊன்றிவிட்ட பிறகு காதில் அப்படித்தான் விழும்.

ஆச்சியை இதில் இழுக்கக் காரணம் உண்டு. காரைக்குடியில் வீட்டிலேயே சீப்புச் சீடையும் தேன்குழலும் மாவுருண்டையும் செய்து விற்கிறார். வாட்ஸ்அப் அறிவிப்பு எழுதிக் கொடுப்பது நான். முதலில் கைப்பக்குவம், பாரம்பரியச் சுவை என்று எட்டு வரி அளந்துவிட்டு, கடைசியில் ‘தொடர்பு கொள்ளவும்’ என்று முடித்தேன். கைகூப்பும் பொம்மைகள் நிறைய வந்தன. வாங்கியவர் நாலு பேர். அடுத்த வாரம் கடைசி வரியை மட்டும் மாற்றினேன்: ‘செவ்வாய் ராத்திரிக்குள் எத்தனை கிலோ என்று எண்ணை மட்டும் அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை பார்சல் போட்டுவிடுகிறோம்.’ புதன்கிழமை மாவு போதாமல் மில்லுக்கு ஓட வேண்டியதாயிற்று. அந்தக் கடைசி வரிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> ‘செயற்தூண்டல்’?

இயற்பியலில் தூண்டல் ஏற்கெனவே மின்காந்தத்தோடு குடித்தனம் நடத்துகிறது. புணர்ச்சி இலக்கணம் பார்ப்பவர்கள் வந்தால் ‘செயற்றூண்டல்’ என்று திருத்துவார்கள். அதோடு சொல் செத்தது. ‘ஏவல் வரி’ எனக்கே பிடித்திருந்தது. அனுப்புங்கள், வாருங்கள் எல்லாம் ஏவல் வினைதானே? ஆனால் ஏவல் என்றதும் பில்லி சூனியம் என்று ஆச்சி திருநீற்றைத் தேடுகிறார். ‘ஆற்றுப்படை’யும் ஒத்துவராது. பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வள்ளலிடம் வழி சொல்வது அது. பழைய வாடிக்கையாளர் தரும் பரிந்துரைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

நான் சொல்வது ‘கைகாட்டி’. முச்சந்தியில் நிற்பதேதான். ஊர்ப் பெருமை பேசாது, எந்தப் பக்கம் போகணும் என்று மட்டும் சொல்லும். ஒட்டிப் பார்த்தேன்: கைகாட்டி வரி, கைகாட்டிப் பொத்தான். ‘பிடித்திருந்தால் இரண்டு வரி மதிப்புரை எழுதுங்கள்’ என்று எழுத்தாளர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போடுவதும் கைகாட்டி வரிதான்.

ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் நண்பரிடம், “உங்கள் விளம்பரத்தில் கைகாட்டி எங்கே அண்ணே?” என்று கேட்டேன். விளக்கம் கேட்கவில்லை, பிடிபட்டுவிட்டது. கண்ணாடி மேல் வார்ப்பது, கைவேலை, ஊர் மணல் எல்லாம் எழுதியிருந்தார். அடியில் வெறும் ‘அணுகவும்’. இப்போது ‘கூடத்தின் நீள அகலத்தை அனுப்புங்கள், எத்தனை கல் வேண்டும் என்று சொல்கிறோம்’ என்று மாற்றியிருக்கிறார்.

ஒரு சிக்கல். ரயில் சிக்னலையும் கைகாட்டி என்பார்கள். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். இலங்கை நண்பர்கள் இச்சொல்லை வேறு பொருளில் புழங்குகிறார்களா? அதைத் தெரிந்துகொண்டு அப்புறம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து