அப்பச்சியின் ஆர்சனிக்கும் தொண்டி நண்டும்

தேவகோட்டையிலிருந்து:
அப்பச்சிக்குக் கால் மதமதப்பு. சர்க்கரைதான் காரணம் என்று நினைத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் சிறுநீரில் உலோகங்களையும் பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் ஆர்சனிக் என்ற நஞ்சு எகிறியிருந்தது. வீடே அமளி! ஆத்தா கொல்லைக் கிணற்றை மூடச் சொன்னார். அண்ணன் லேகிய டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டார். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள்தான் இருந்தது.

அப்புறம், ஆர்சனிக்கை வகை பிரித்துப் பார்க்கும் ஒரு லேபுக்குப் போன் போட்டோம். போனை எடுத்த பெண் எடுத்த எடுப்பிலேயே, "ஐயா சிறுநீர் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள்ல மீன், நண்டு ஏதும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டாரா! முந்தின நாள்தான் தொண்டி நண்டு வந்திருந்தது. கால்களைக் கடித்து உறிஞ்சியது போதாதென்று, சாயங்காலம் சட்டியில் ஒட்டிய மசாலாவையும் தோசையால் வழித்திருந்தார்.

மீதமிருந்த அதே சிறுநீர் மாதிரியை அனுப்பினோம். கிட்டத்தட்ட எல்லாமே ஆர்சனோபீட்டைன் என்ற ஆர்சனிக் வகை. மீனிலும் நண்டிலும் இருப்பது. உடம்பில் தங்காமல் அப்படியே வெளியேறிவிடுமாம்.

காரைக்குடியிலிருந்து:
முதல் லேபைக் குறை சொல்ல மாட்டேன், அண்ணே. அவர்கள் வைத்திருப்பது ஐ.சி.பி.எம்.எஸ்., அணுக்களை நிறை பார்த்து எண்ணும் கருவி. அதிலுள்ள பிளாஸ்மா என்ற கொதிக்கும் வாயுவின் சூடு பல ஆயிரம் டிகிரி. எந்த மூலக்கூறு போனாலும் பிய்த்து அணுவாக்கிவிடும். விஷமான ஆர்சனைட்டும் உங்கள் நண்டுச் சரக்கும் அதற்கு ஒன்றுதான், ஆர்சனிக் அணுவின் நிறை 75. அதனால்தான் எங்கள் லேபில் அதற்கு முன்னால், கலந்திருப்பதைப் பிரித்துவிடும் திரவ குரோமட்டோகிராபிக் குழாயை மாட்டுகிறோம். ஒவ்வொரு வகையும் அதனதன் நிமிடத்தில் வெளியே வரும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். மாணவனாக இருந்தபோது கருவாட்டுச் சாற்றைச் சோதித்தேன்; வரைபடத்தில் நிறை 75-இல் யாரும் சொல்லாத ஒரு சிகரம். புது வகை ஆர்சனிக் என்று குதித்தேன். பார்த்தால் உப்பு! பிளாஸ்மா வாயுவான ஆர்கான் 40, உப்பிலுள்ள குளோரின் 35, ஒட்டிக்கொண்டால் 75. ஹீலியம் வாயுவைச் செலுத்தியதும் சிகரம் காணாமல் போனது. அன்று வாங்கிக் கொடுத்த வடைக் காசு போனதுதான் மிச்சம்.

கானாடுகாத்தானிலிருந்து:
ஆர்சனிக் சோதனைக்காகப் போர் தண்ணீரை வெறும் பாட்டிலில் பிடித்து இரண்டு வாரம் அலமாரியில் வைத்துவிட்டேன். இரும்புத் தண்ணீர்; அடியில் செம்மண்டி. ஆர்சனைட், ஆர்சனேட் என்ற இன்னொரு வகையாக மாறி, பாதி துருவோடு ஒட்டிவிட்டதாம். பிடித்த இடத்திலேயே வடிகட்டி, அமிலம் விட்டு, வெளிச்சம் படாமல் குளிரில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள் லேபில்.

மறுபடியும் தேவகோட்டை:
டாக்டர் திருப்திக்கு இன்னொரு முறை பார்க்கப் போகிறோம். நாலு நாள் மீன், நண்டு கிடையாது. அப்பச்சி கத்திரிக்காய்க் கோசமல்லியைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார்.