எஸ்இஓ-வுக்குத் தமிழில் ‘தேடல் துலக்கம்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். எஸ்இஓ (Search Engine Optimization), அதாவது கூகுள் போன்ற தேடுபொறிகளில் நம் தளம் தெரியும்படி செய்யும் வேலைக்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். தேடுபொறி உகப்பாக்கம், தேடுபொறி மேம்பாடு, தேடல் முன்னிலையாக்கம், தேடுதகவு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: தேடல் துலக்கம். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குப் போகும் முன் வேலையைப் பார்ப்போம். தேடுபொறி இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஊர்கிறது. படித்ததைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது தேடும்போது எதை முதலில் காட்டுவது என்று வரிசைப்படுத்துகிறது. முதல் இரண்டுக்கும் தளத்துக்காரர் செய்யக்கூடியது நிறைய உண்டு. மூன்றாவதில் அவர் கை ஓரளவுக்குத்தான் எட்டும்.

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை நெய்து விற்பவர் ஒருவர் தளம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கத்துக்கும் ‘முகப்பு’ என்றே தலைப்பு. விலைப்பட்டியல் முழுவதும் ஒரே படம். அதில் உள்ள எழுத்து எதுவும் உரையாக இல்லை. சேலைப் படங்களுக்கு, படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை கிடையாது. தளம் கட்டும்போது தேடுபொறிகள் வரவேண்டாம் என்று ரோபாட்ஸ் கோப்பில் போட்ட தடை, தளம் திறந்த பிறகும் அப்படியே கிடக்கிறது. இவற்றைச் சரிசெய்வதுதான் எஸ்இஓ-வில் பெரும்பங்கு. தலைப்பை ‘காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டுச் சேலை’ என்று மாற்றுவது, விலையை உரையாக எழுதுவது, பக்கங்களைப் பட்டியலிடும் தள வரைபடக் கோப்பு கொடுப்பது, பக்கம் திறக்க ஆகும் நேரத்தைக் குறைப்பது. எல்லாம் நம் வீட்டுக்குள் நாம் செய்கிற வேலை. கூகுளின் பொறியில் ஓர் ஆணியைக்கூட நாம் தொடுவதில்லை.

> ‘தேடுபொறி மேம்பாடு’ என்றால் எல்லோருக்கும் உடனே புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்று புரியும். சாலை மேம்பாடு என்றால் மேம்படுவது சாலை. அதே போல, தேடுபொறியை மேம்படுத்தும் வேலை என்றுதான் புதியவர் எடுத்துக்கொள்வார். அந்த வேலையும் உலகத்தில் இருக்கிறது. தேடுபொறி நிறுவனத்தின் பொறியாளர்கள் செய்கிறார்கள். அதற்கு இந்தச் சொல் தேவைப்படும், அங்கேயே இருக்கட்டும்.

> வாடிக்கையாளர் கேட்பதே முதல் இடம்தானே, ‘முன்னிலையாக்கம்’ தவறா?

அவர் கேட்பார், தர முடியாது. 1990-களின் பிற்பாதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் உருவாக்கிய பேஜ்ரேங்க் முறையின் அடிப்படையே, ஒரு பக்கத்தின் மதிப்பை அதற்கு இணைப்புக் கொடுக்கும் மற்ற பக்கங்களைக் கொண்டு கணிப்பதுதான். இன்று வரிசைக்கு வேறு பல காரணிகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அது நம் கையில் இல்லை. முதல் இடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. சிறு வணிகர்களிடம் ‘ஒரே மாதத்தில் முதல் இடம்’ என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கும்போது, அந்தப் பொய் வாக்குறுதியைக் கலைச்சொல்லுக்குள்ளேயே வைத்துக் கொடுக்கக் கூடாது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். அதோடு, காசு கட்டி மேலே வரும் விளம்பரத்தையும் ‘முன்னிலை’ என்றே மக்கள் நினைப்பார்கள். இரண்டும் வேறு வேறு.

தேடுதகவு அழகான சொல். ஆனால் ஓட்டத்தில் படிப்பவர் கண்ணுக்குத் ‘தேடுதகவல்’ என்றே விழும். அச்சுப்பிழை என்று யாராவது திருத்தியும் விடுவார்கள்.

உகப்பாக்கத்தில் (optimization) பொருள் குற்றம் எதுவும் இல்லை. கணிதத்தில் ‘உகமத் தீர்வு’ என்று படித்தவர்களுக்கு அது இயல்பாக வரும். நிரல் எழுதும்போது ‘இந்தக் குறிமுறையை உகப்பாக்கு’ என்பது நல்ல தமிழ். என் தயக்கம் வேறு. அந்தக் காஞ்சிபுரத்துக்காரரிடம் ‘உங்கள் தளத்தை உகப்பாக்க வேண்டும்’ என்று சொன்னால் அவர் தலையாட்டுவார், ஆனால் என்ன செய்யப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. வணிகர் முதல் வலைப்பதிவர் வரை புழங்க வேண்டிய சொல் இது.

சரி, துலக்கத்துக்கு வருகிறேன்.

துலங்கு, துலக்கு. அடங்கு, அடக்கு போல ஒரு தன்வினை, பிறவினை இணை. துலங்குவது என்றால் தெளிவாகத் தெரிவது, ஒளிர்வது. துலக்குவது என்றால் அப்படித் தெரியும்படி செய்வது. பல் துலக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம், காவல்துறை துப்புத் துலக்குகிறது. மூன்றிலும் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. மேலே படிந்ததை நீக்கி வெளியே தெரிய வைக்கிறோம். இல்லாததை உண்டாக்குவதில்லை. நல்ல எஸ்இஓ-வும் அதைத்தான் செய்கிறது.

வினையாக ஆளும்போதுதான் இதன் பலம் தெரிகிறது:

‘நம் பக்கம் கூகுளில் துலங்கவே இல்லை.’
‘தலைப்புகளை மாற்றிய பிறகு கொஞ்சம் துலங்குகிறது.’
‘பழைய கட்டுரைகளைத் துலக்க ஒரு ஆள் வேண்டும்.’

எஸ்இஓ என்ற சுருக்கத்தை வைத்துக்கொண்டு முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘எஸ்இஓ பண்ணு’ என்று செய்வதைச் சொல்லலாம். விளைவைச் சொல்ல வேறு வினை தேட வேண்டும். துலக்கு, துலங்கு என்று செயலும் விளைவும் ஒரே வேரிலிருந்து கிடைப்பது நம் மொழி தரும் வசதி. ஏன் விடவேண்டும்?

குடும்பச் சொற்களும் சிரமமில்லாமல் பிறக்கின்றன. பக்கத்துக்குள் செய்யும் வேலை அகத்துலக்கம். பிற தளங்களின் இணைப்பு, குறிப்பு வழியாக வருவது புறத்துலக்கம். ஊர் அளவில் ‘பக்கத்தில் உள்ள தையல் கடை’ என்று தேடுபவருக்குத் தெரியச் செய்வது வட்டாரத் துலக்கம். செய்பவர் துலக்குநர். பயனர் தட்டும் சொல்லைத் தேடுசொல் என்போம். குறிச்சொல் ஏற்கெனவே வேறு வேலையில் (tag) இருக்கிறது. பிற தளத்திலிருந்து வரும் இணைப்புக்குப் ‘பின்னிணைப்பு’ வேண்டாம், அது நூலின் கடைசியில் வருவது. ‘உள்வரும் இணைப்பு’ போதும்.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களைக் கொட்டுவது, இணைப்புகளை விலைக்கு வாங்குவது, ஒரே கட்டுரையைச் சொல் மாற்றி நூறு பக்கமாக்குவது, இவற்றை ஆங்கிலத்தில் ‘பிளாக் ஹேட்’ என்பார்கள். அதைக் ‘கருந்தொப்பி’ என்று மொழிபெயர்த்தால் நமக்கு ஒன்றும் தோன்றாது. கள்ளத் துலக்கம் என்று வைக்கலாம்; கள்ளநோட்டு தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும். இந்த வழிகள் நிலைப்பதும் இல்லை. பக்கத்தின் மறைகுறிப்பில் (meta tag) தேடுசொற்களை அடுக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. தன் வலைத் தேடலின் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இல் கூகுள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கூகுளின் வரிசை முறையில் 2011-இல் வந்த பாண்டா மாற்றம் சத்தில்லாத பக்கங்களையும், 2012-இல் வந்த பென்குவின் இணைப்பு மோசடிகளையும் கீழே தள்ளின.

இனி எழுத்துமுறை. இதை யாரும் இதுவரை தொடவில்லை. தேடலைப் பற்றிய சொல், தானே தேடலில் அகப்பட வேண்டும். இலக்கணப்படி சேர்த்தால் கல் + தூண் கற்றூண் ஆவது போல இது ‘தேடற்றுலக்கம்’ ஆகும். அந்த எழுத்துக்கோவையில் ‘தேடல்’ என்ற சொல்லும் இல்லை, ‘துலக்கம்’ என்ற சொல்லும் இல்லை. பக்கத்துக்குள் ‘தேடல்’ என்று தட்டித் தேடினால் அகப்படாது. அதனால் இடம் விட்டு, தேடல் துலக்கம் என்று இரண்டு சொல்லாகவே எழுதுவோம் என்பது என் வேண்டுகோள். நம் குழுமத்துப் புலவர் ஐயா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். உரைநடையில் இன்று நிறைய சொற்களை இப்படித்தான் பிரித்து எழுதுகிறோம்.

தமிழில் இந்த வேலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பழைய தளங்களே சான்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் ஆளுக்கொரு எழுத்துருவும் குறியேற்றமும் வைத்திருந்தோம்: திஸ்கி, டாப், டாம், பாமினி. திரையில் தமிழ் தெரிந்தது. தேடுபொறிக்குக் கிடைத்ததோ பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற இன்னொரு குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. யூனிகோடுக்கு மாற்றாத பழைய கட்டுரைகள் இன்னும் யாருக்கும் அகப்படாமல் கிடக்கின்றன. அவற்றை மாற்றுவதுதான் நம் முதல் துலக்கம்.

யூனிகோடிலும் சிக்கல் உண்டு. பௌர்ணமி என்று எழுத ஔகாரக் குறி ஒன்றைத் தட்ட வேண்டும். பலர் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், கணினிக்கு வேறு சொல். திருவண்ணாமலைக் கிரிவல நாள் பார்க்க வருகிறவர் சரியாகத் தட்டியும் அந்தப் பக்கத்தைத் தவறவிடக்கூடும். ‘தேடல் துலக்கம்’ என்பதில் அப்படிப்பட்ட சிக்கல் எழுத்து எதுவும் இல்லை. பக்கத்தின் வலை முகவரியில் வைத்தாலும் ஓரளவு தாங்கும்: ஒவ்வொரு தமிழ்க் குறியும் நகலெடுக்கும்போது ஒன்பது எழுத்தாக விரிவதால் ‘தேடல்-துலக்கம்’ 118 எழுத்து, ‘தேடுபொறி-உகப்பாக்கம்’ 172.

விக்சனரியில் உகப்பாக்கத்தையும் மாற்றுச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம், ஏற்கெனவே பழகியவர்கள் இருக்கிறார்கள். ஈழத்து நண்பர்கள் ‘துலக்கு’ அங்கே எந்த அளவுக்குப் புழக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அப்புறம், தேடுபொறி பக்கங்களைத் தன் அட்டவணையில் சேர்ப்பதற்கு (indexing) ஒரு நல்ல வினைச்சொல் இன்னும் மீதம் இருக்கிறது. ‘சுட்டி’யை வைத்து எதுவும் செய்ய முடியாது, அதை மவுசுக்குக் கொடுத்துவிட்டோம். ‘அட்டவணையிடு’ என்பது என் முதல் யோசனை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே பேசுவோம்.

அன்புடன்