சேலைக்கு மேல் கட்டும் சமையல் ஏப்ரன்: பெரியம்மாவுக்குப் பரிசாகத் தைக்க வழி சொல்லுங்கள்

கேள்வி – மல்லிகைப்பந்தல்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மா வீட்டுத் திண்ணையிலேயே காலை நேர இட்லிக் கடை நடத்துகிறார். தோசைக்கல்லில் தெறிக்கும் எண்ணெயும் சாம்பார்க் கறையும் அவருடைய சேலைக் கொசுவத்தில்தான் வந்து விழுகின்றன. கை துடைக்கவும் முந்தானைதான். தை மாதம் அவருக்கு அறுபது வயது நிறைகிறது. அதற்குள் என் கையாலேயே ஓர் ஏப்ரன் தைத்துக் கொடுக்க ஆசைப்படுகிறேன். சென்ற ஆண்டு கடையில் வாங்கிக் கொடுத்ததை இரண்டே நாள் கட்டினார். கழுத்துப் பட்டியைக் கொண்டைக்கு மேலாக நுழைக்க முடியவில்லை என்றும், அது தாலிச்சரடோடு சிக்கிப் பிடரியை அறுக்கிறது என்றும் சொல்லி ஆணியில் மாட்டிவிட்டார். என்னிடம் மிதி தையல் இயந்திரம் உள்ளது. நேர்த்தையலும் ஓரம் மடித்துத் தைப்பதும் தெரியும். அவருக்குத் தெரியாமல் தைக்க வேண்டும் என்பதால் அளவெடுப்பதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில் – தையல் வகுப்பு அக்கா

அன்புச் சகோதரிக்கு, கடையில் விற்கும் ஏப்ரன் பெரும்பாலும் பேண்ட், சட்டை அணிபவரை மனத்தில் வைத்து வெட்டப்பட்டது. சேலைக் கொசுவத்தின் தடிப்புக்கு அதில் இடமில்லை என்பதால், முன்பக்கம் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் சேலை வெளியே தெரியும்.

அளவுக்குப் பெரியம்மாவின் பழைய ரவிக்கை ஒன்றும் உள்பாவாடை ஒன்றும் போதும். ரவிக்கையின் மார்புச் சுற்றளவோடு 6 அங்குலம் கூட்டினால், சேலை கட்டிய இடுப்பின் சுற்றளவு ஏறக்குறைய கிடைத்துவிடும் என்பது என் அனுபவம். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஏப்ரனின் அகலம். ரவிக்கை 38 என்றால் 44. அகலத்தை 30 அங்குலமாக வைத்துக்கொள்ளுங்கள். நீளத்துக்கு இடுப்புக்கு மேலே 11 அங்குலம், கீழே பாவாடை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 36 அங்குலப் பாவாடைக்கு 24, ஆக மொத்தம் 35. இதனுடன் மேல், கீழ் மடிப்புகளுக்கு 3 அங்குலமும் பக்கங்களுக்கு 2 அங்குலமும் சேர்த்து, 38க்கு 32 என்று வெட்ட வேண்டும்.

44 அங்குல அகலத் துணியில் ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். பருத்தித் துணி சுருங்கும் என்பதால், ஓர் இரவு நீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். துண்டை நெடுக்காக இரண்டாக மடித்து, மேல்புறம் மடிப்பிலிருந்து 5½ அங்குலத்தில் ஒரு புள்ளியும், திறந்த ஓரத்தில் மேலிருந்து 12 அங்குலம் கீழே ஒரு புள்ளியும் வைத்து, இரண்டையும் கைக்குழி போல வளைவாகச் சேருங்கள். அந்த வளைவு துணியின் இழைகளுக்குக் கோணலாக வருவதால் கை பட்டாலே இழுபட்டு நீளும். அதை அப்படியே மடித்துத் தைத்தால் சுருங்கிக்கொண்டு நிற்கும். வெட்டி விழுந்த வளைவுத் துண்டிலிருந்தே ஒன்றரை அங்குல அகலத்தில் கிராஸ் பட்டிகள் (இழைக்குக் கோணலாக வெட்டும் பட்டிகள்) வெட்டி, வளைவுக்குக் கொடுத்துத் திருப்பித் தைத்துவிடுங்கள்.

கழுத்துப் பட்டியே வேண்டாம். மீதமுள்ள துணியை நெடுக நான்கு பட்டிகளாக வெட்டி, இரண்டிரண்டாக இணைத்து, ஓரங்களை உள்ளே மடித்து, ஏறத்தாழ 70 அங்குலத்துக்கு இரண்டு நாடாக்கள் தையுங்கள். மார்புப் பகுதியின் இரு மேல்மூலைகளிலும் அவற்றைப் பொருத்திவிட்டு, இடுப்பு மூலைகளில் சிறு துணி வளையம் வையுங்கள். நாடா தோள்மேல் ஏறி, முதுகில் எக்ஸ் போலக் குறுக்கிட்டு, எதிர்ப்பக்க வளையத்தில் நுழைந்து, திரும்பி வந்து பின்னிடுப்பில் முடிச்சாகும். பாரம் தோளில் இறங்கும், கொண்டையும் பூவும் கலையாது, சரட்டையும் தொடாது.

பதில் – கரூர்த் தறிக்காரன்

ஏற்றுமதிக்குச் சமையலறைத் துணிகள் தைக்கும் எங்கள் ஊரில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடுப்பருகே நிற்பவருக்கு முழுப் பருத்தி தவிர வேறெதுவும் கூடாது. பாலியஸ்டர் தீயில் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காமல் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், கலப்பானால் முனையில் கெட்டியான மணி திரளும். கேன்வாஸ் உறுதியானதுதான் என்றாலும் அடுப்புச் சூட்டில் புழுங்கும். நடுத்தரத் தடிமனுள்ள காடாவோ கைத்தறிப் போர்வைத் துணியோ போதுமானது. ஊசி 16ஆம் எண். நாடா சேரும் இடத்தில் ஒரு சிறு கட்டம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி ஓட்டுங்கள். முதலில் பிய்வது அந்த இடமே.

மறுமொழி – மல்லிகைப்பந்தல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பாவாடையை அளந்துவிட்டேன், 37 அங்குலம். சில்லறை போட ஒரு பை வைக்க வேண்டும். பாட்டியின் கிழிந்த சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

பதில் – தையல் வகுப்பு அக்கா

தாராளமாகப் பயன்படுத்துங்கள், பெரியம்மாவுக்கு அதுவே பெரிய பரிசாக இருக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் சுங்குடியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாத வரை தனியாக அலசிய பிறகே தையுங்கள். பழைய துணி நைந்திருக்கும் என்பதால் பின்னால் காடாத் துண்டு ஒன்றை வைத்து இரட்டையாக்குங்கள். பையை நடுவில் வைக்காமல் வலது கைக்கு வாகாகச் சற்று ஒதுக்கி வைத்து, மேல்மூலைகள் இரண்டிலும் சிறு முக்கோணத் தையல் போட்டுவிட்டால், சில்லறைப் பாரத்துக்கு வாய் கிழியாது.