பாராட்டு வேடத்தில் வரும் எரிதப் (ஸ்பேம்) பின்னூட்டங்கள்: தடுக்க வழி உண்டா?

என் வலைப்பூ வேர்ட்பிரஸ்ஸில், சொந்த டொமைனில் இயங்குகிறது. கடந்த மாதம் முதல் எரிதப் பின்னூட்டங்கள் குவிகின்றன, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு. "அருமையான பதிவு, தொடர்ந்து எழுதுங்கள்" என்று நல்ல தமிழில்தான் வருகின்றன. (உண்மையான வாசகர்கள்கூட இவ்வளவு தாராளமாகப் பாராட்டியதில்லை.) பெயரைச் சொடுக்கினால் சூதாட்டத் தளத்துக்குப் போகிறது.

இணைப்புகளை எண்ணி நிறுத்திவைக்கும் விதி பயன்படவில்லை. அது பின்னூட்டத்தின் உள்ளே இருக்கும் இணைப்புகளை மட்டுமே எண்ணுகிறது. இவர்களோ பின்னூட்டப் படிவத்தில் இணைய முகவரிக்கான கட்டத்தில் அதை வைக்கிறார்கள். ஐபி முகவரிகளைத் தடுத்தேன், மறுநாளே வேறு முகவரிகள். பழைய பதிவுகளுக்குப் பின்னூட்டத்தை மூடினேன், புதியவற்றுக்குத் தாவிவிட்டார்கள். தடைச்சொல் பட்டியலில் 'கடன்' என்று சேர்த்ததும், "உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்" என்று நெகிழ்ந்து எழுதிய வாசகர் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போனார். சொல்லுக்குள் சொல் இருந்தாலும் பிடித்துவிடுகிறது. ஒட்டி ஒட்டி எழுதும் தமிழுக்கு இது சரிப்படாது.

கடைசியாக, படிவத்திலிருந்து இணைய முகவரிக் கட்டத்தையே நீக்கினேன். அப்படியும் அந்த முகவரியோடு பின்னூட்டங்கள் வருகின்றன. படிவத்தைத் திறக்காமலே பின்னூட்டம் பெறும் கோப்புக்கு நேரடியாக அனுப்புகிறார்கள் போலும். கேப்சா (மனிதர்தானா என்று சோதிக்கும் புதிர்) வேண்டாம், வயதான வாசகர்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் மட்டுறுத்தலில் (நான் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி) வைத்தால் தினமும் குப்பை பொறுக்குவதே வேலையாகிவிடுகிறது.

இணைய முகவரி நிரப்பப்பட்டு வரும் பின்னூட்டத்தை, தரவுத்தளத்தில் சேரும் முன்பே நிராகரிக்க, தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் (functions.php) எந்த வரிகளைச் சேர்க்க வேண்டும்?