பின்தொடையில் ‘அனைத்தும்’ என்றால் எத்தனை?

பொருநைக்கரையான்:
பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் கபடி ஆடிய பையன் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் என்ற செய்திக்கு, “பின்தொடைத் தசைகள் அனைத்தும் இடுப்பெலும்பின் அடிமுண்டில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன” என்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அனைத்தும் அல்ல. பின்தொடையின் வெளிப்புறத்தில் இரு தலைகளோடு தொடங்கும் பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசையின் குறுந்தலை தொடையெலும்பின் பின்பக்க வரம்பிலிருந்து புறப்படுகிறது; இடுப்பை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மேலரதவீதி:
தீர்ப்பு எழுதியவன் நான்தான். உட்புறத் தசைகளான செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ், வெளிப்புறத்து பைசெப்ஸின் நெடுந்தலை ஆகிய மூன்றும் இடுப்பைப் பின்னோக்கி நீட்டி, முழங்காலை மடக்குகின்றன. வேகமாக ஓடுகையில், முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்றுமுன், இவை நீண்டுகொண்டே இறுகி அந்த வீச்சை அடக்குகின்றன. ஓட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் அப்போதுதான் கிழிகிறது, அதுவும் நெடுந்தலையில். குறுந்தலையை யார் கேட்டார்?

பொருநைக்கரையான்:
“அனைத்தும்” என்று எழுதியது யார், அண்ணாச்சி? மற்றவற்றை இயக்குவது, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெருநரம்பான சயாட்டிக் நரம்பின் டிபியல் பிரிவு. குறுந்தலைக்கு மட்டும் பொது ஃபிபுலார் பிரிவு. பிறந்த இடமும் வேறு, நரம்பும் வேறு.

அம்பைவாசி:
அந்த வேறுபாட்டுக்காகவே குறுந்தலையை இக்கூட்டத்தில் சேர்க்காதவர்களும் உண்டு. எதைப் பின்தொடைத் தசை என்று கொள்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யலாமே? எங்கள் ஊரில் “நரம்பு இழுத்துக்கொண்டது” என்று சொல்லி எண்ணெய் தடவி உருவிவிடுவதோடு சரி.

மேலரதவீதி:
நரம்பாம்! முழங்காலை மடக்கினால் பின்னால் இருபுறமும் கயிறுபோல் கைக்குத் தட்டுப்படுவது, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், ஐயா. வெளிப்புறத்தது பைசெப்ஸின் நாண், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் தலையில் சேர்வது; உட்புறத்தது செமிடெண்டினோசஸின் நாண். முழங்காலுக்குள் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநார் அறுந்துபோனால், அதற்கு மாற்றாக அறுவை மருத்துவர்கள் பல நேரம் எடுத்துப் பொருத்துவதும் இந்த உட்புற நாணைத்தான். புதிதாகக் கிழிந்த தசையை உருவினால் இரத்தக்கசிவு கூடும்.

அம்பைவாசி:
எங்கள் பாட்டி உருவி எழுந்து நடந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொருநைக்கரையான்:
பாட்டியை விடுங்கள். அந்த வெளிப்புற நாணில்தான் குறுந்தலையும் வந்து சேர்கிறது என்பதை அண்ணாச்சி வசதியாக மறைத்துவிட்டார். சென்ற ஆடியில் சதைப்பிடிப்பையும் சுளுக்கையும் ஒன்றாக்கி எழுதிவிட்டு, நான் சுட்டிக்காட்டியதும் பதிவையே அழித்தவர்தானே!

மேலரதவீதி:
அழித்தது எழுத்துப்பிழைக்காக. குறுந்தலை அறுந்து துடித்த ஆட்டக்காரன் ஒருவனையாவது காட்டிவிட்டுப் பேசுங்கள்.

பொருநைக்கரையான்:
அறுந்ததா என்பதல்ல என் கேள்வி, எங்கே தொடங்குகிறது என்பதே. “அனைத்தும்” என்ற சொல் இன்னும் உங்கள் பதிவில் அப்படியே இருக்கிறது.