60 தலை, 40 பூ: புள்ளியியல் பயிற்சியில் நீங்கள் எங்கே சறுக்கினீர்கள்?

யாரிடமும் பாடம் கேட்காமல், பயிற்சிக் கணக்குகளை மட்டும் வைத்துப் புள்ளியியல் படித்துக்கொண்டிருக்கிறேன். நிகழ்தகவு வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. கருதுகோள் சோதனையில் ஒரு சின்னக் கணக்கு என்னை இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டது.

ஒரு நாணயத்தை 100 முறை சுண்டியதில் 60 தலை. நாணயம் நேர்மையானதா? 5 சதவீத மட்டத்தில் இருமுனைச் சோதனை, அதாவது தலை கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் எடுக்கும் சோதனை, செய்ய வேண்டும். எதிர்பார்ப்பு 50. திட்ட விலக்கம் (எண்ணிக்கை வழக்கமாக எவ்வளவு சிதறும் என்ற அளவு), 100 × ½ × ½ என்பதன் வர்க்கமூலம், அதாவது 5. அறுபதிலிருந்து ஐம்பதைக் கழித்து ஐந்தால் வகுத்தால் இசட் மதிப்பு 2. 5 சதவீதத்துக்கான எல்லையான 1.96ஐத் தாண்டிவிட்டது. பி-மதிப்பு, அதாவது நாணயம் நேர்மையாக இருந்தும் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகல் வரும் வாய்ப்பு, 0.0455; 0.05ஐவிடக் குறைவு. ‘நாணயம் நேர்மையானது’ என்ற இன்மைக் கருதுகோளை நிராகரி, அடுத்த கணக்குக்குப் போ என்று நினைத்தேன்.

விடைப் பக்கத்தில் 0.0569, நிராகரிக்க முடியாது என்று இருந்தது. அச்சுப் பிழை என்றே முடிவு கட்டிவிட்டேன். பிழை என் பக்கம்தான். தலைகளின் எண்ணிக்கை 58, 59, 60 என்று படிப்படியாக ஏறும். நான் பயன்படுத்திய இயல்நிலை வளைகோடோ (மணி வடிவக் கோடு) வழவழப்பானது. படம் வரைந்தால் 60 என்பது ஒரு புள்ளி இல்லை, 59.5 முதல் 60.5 வரை அகலமுள்ள ஒரு பட்டை. நான் அந்தப் பட்டையின் பாதியை வெட்டிவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன். 59.5இலிருந்து எடுத்தால் இசட் 1.9, பி-மதிப்பு 0.0574. இதற்குத் தொடர்ச்சித் திருத்தம் என்று பெயர். ஈருறுப்புப் பரவலை, அதாவது ஒவ்வொரு தலை எண்ணிக்கைக்கும் உள்ள சரியான நிகழ்தகவை, நேரடியாகக் கூட்டினால் விடைப் பக்கத்தில் இருந்த 0.0569 அப்படியே வருகிறது.

இதில் எனக்கு வேடிக்கை என்னவென்றால், இன்னும் ஒரே ஒரு தலை கூடி 61 ஆகியிருந்தால் பி-மதிப்பு 0.0352, திருத்தமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 0.05 என்ற கோட்டின் மேல் எனக்கு இருந்த பயபக்தி அன்றோடு போய்விட்டது. நீங்கள் எங்கே விழுந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

—

நான் அவ்வளவு தூரமே போகவில்லை, நிபந்தனை நிகழ்தகவிலேயே விழுந்தவன். நூறில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோய் உள்ளவர்களில் 99 சதவீதம் பேரைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேரையும் தவறாகப் பிடித்துவிடும். சோதனையில் சிக்கிய ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 99 சதவீதம் என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாத குறை.

இந்த மாதிரிக் கணக்குக்கான சூத்திரம், பேயஸ் தேற்றம், மனப்பாடம்தான். ஆனால் கீழே எதை வைப்பது என்பது ஒவ்வொரு முறையும் மறந்துபோகும். இப்போது சூத்திரத்தைத் தொடுவதே இல்லை. 10,000 பேரைக் காகிதத்தில் நிறுத்திவிடுவேன். நோய் உள்ளவர் 100, அதில் சிக்குபவர் 99. இல்லாதவர் 9,900, அதில் சிக்குபவர் 495. ஆக மொத்தம் 594 பேரில் 99. ஆறில் ஒருவருக்குத்தான் நோய்!

அப்புறம் கருதுகோள் சோதனைக்கு வந்தால் அதே தவறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. பி-மதிப்பு 0.03 என்றால் இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் இப்படியோ இதைவிட மோசமாகவோ தரவு வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. தலைகீழாகப் படித்தால் 99 எழுதிய கதைதான்.

—

ஒரு வரி மட்டும். நாணயத்தை 200 முறை நிஜமாகவே சுண்டி எழுதிப் பாருங்கள். அதற்கு முன் மனத்துக்குத் தோன்றியபடி 200 தலை-பூ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் கற்பனைப் பட்டியலில் நான்குக்கு மேல் ஒரே முகம் தொடர்ந்து வரவே இல்லை. நிஜமாகச் சுண்டினால் எங்காவது ஆறு தொடர்ந்து வர 96 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு.

—

முதலில் எழுதியவருக்கு: நான் உங்களைவிட மோசம். அதே 60 தலைக் கணக்கில், விடை நிராகரிப்பாக வர வேண்டும் என்ற ஆசையில் ‘தலை அதிகம் விழும் நாணயம்’ என்று மாற்றுக் கருதுகோளைத் திருத்தி ஒருமுனைச் சோதனை ஆக்கினேன். பி-மதிப்பு பாதியாகி 0.0284. தரவைப் பார்த்த பிறகு முனையைத் தேர்ந்தெடுப்பது கள்ளாட்டம் இல்லாமல் வேறென்ன? அன்றிலிருந்து இரண்டு கருதுகோள்களையும் பேனாவால் எழுதிய பிறகே எண்களைப் பார்க்கிறேன்.

அட்டவணை எதுவும் வேண்டாத பயிற்சி ஒன்று சொல்கிறேன். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட புத்தகத்தில் உள்ளது. 8 கோப்பைத் தேநீர். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில் ஊற்றியது. சுவைத்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள். நான்கையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 1/70, ஏறக்குறைய 0.014. பி-மதிப்பு என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது இதில்தான்.

—

முதலில் எழுதியவன்தான். மேலே சொன்னதை நேற்று வீட்டில் செய்து பார்த்தேன். இரண்டு நிறுவனங்களின் தாள்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே பிரித்துவிடுவேன் என்று தங்கை பல நாளாகப் பீற்றிக்கொள்வாள். நான்கு நான்காக எட்டுத் தாள், கலைத்துக் கொடுத்தேன். நான்கில் மூன்றைச் சரியாக எடுத்தாள். மூன்றோ அதற்கு மேலோ தற்செயலாக வர 17/70, அதாவது 0.24. நிராகரிக்க முடியாது என்றேன்.

“அப்போ எனக்குத் தெரியாது என்கிறாயா?”

“அப்படியும் சொல்ல முடியாது. எட்டுத் தாள் போதாது.”

முறைத்துவிட்டுப் போனாள். இன்று காலை என் மேசையில் 24 தாள்கள் இருக்கின்றன.