டின்னிடஸ் – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்) – மடற்குழு இழை, எழுதுகிறவர்கள் அவரவர் ஊர்ப்பெயரில்

காரைக்குடி (செவித்திறன் பரிசோதனை):

வணக்கம். நாகசுரம், தவில் கலைஞர்களுக்கான செவிப் பரிசோதனை முகாமுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டின்னிடஸுக்குக் 'காதிரைச்சல்' என்று போட்டிருக்கிறேன். நாய்ஸ் என்பதற்கும் இரைச்சல்தான். அதைத் தணிக்க வைக்கும் வொயிட் நாய்ஸ் (சீராக ஓடும் 'ஷ்ஷ்' ஒலி) 'வெள்ளை இரைச்சல்'. ஆக, இப்படி ஒரு வரி வந்து நிற்கிறது: "இரைச்சலால் வந்த காதிரைச்சலுக்கு இரவில் வெள்ளை இரைச்சல் வைத்துக்கொள்ளலாம்." எது காரணம், எது நோய், எது மருந்து?

பொருள் இதுதான். வெளியே ஒலி இல்லாதபோதும் காதிலோ தலையிலோ ஒலி கேட்பது. உரத்த ஒலியில் பலகாலம் இருந்தால் காக்ளியாவின் (உட்காதிலுள்ள நத்தைக்கூடு போன்ற உறுப்பு) ஒலியுணரும் மயிர்ச்செல்கள் சாகும், மறுபடி முளைக்காது. முதலில் போவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. கேள்திறன் வரைபடத்தில் 4000 பக்கம் ஒரு பள்ளம் விழும். அங்கிருந்து வரத்து குறைந்ததும், ஒலிபெருக்கியைத் திருகிக் கூட்டுவதுபோல, மூளை தன் பெருக்கத்தைக் கூட்டுகிறது என்று கருதுகிறார்கள். அந்த ஒலிதான் கேட்கிறது. சொல் சின்னதாக இருக்கட்டும், தலைப்பில் பெரிய எழுத்தில் வரவேண்டும்.

பள்ளத்தூர் (தமிழாசிரியர்):

தொல்காப்பிய உரியியலை ஒருமுறை புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. "கம்பலை சும்மை கலியே அழுங்கல் / என்றிவை நான்கும் அரவப் பொருள." அடுத்த நூற்பா: "அவற்றுள், அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும்." ஓசை, வருத்தம், கேடு மூன்றும் ஒரே சொல்லில். செல் கெட்டது, ஓசை கேட்கிறது, மனம் வருந்துகிறது. 'செவியழுங்கல்.' இதைவிட என்ன வேண்டும்?

மாற்று வேண்டுமென்றால் இரங்கல். அதுவும் ஓசைதான், கூடவே "கழிந்த பொருட்டும் ஆகும்" என்கிறார். போன மயிர்ச்செல்லை நினைத்து மூளை இரங்குகிறது. நெய்தல் திணையே அதுதான்.

கண்டனூர் (தவில்):

ஐயா, செவியழுங்கல் என்று போட்டால் எங்கள் ஆட்கள் செவியழுகல் என்றுதான் படிப்பார்கள். காதில் சீழ் வந்துவிட்டது என்று சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவார்கள். இரங்கல் அதைவிட மோசம். சுவரொட்டியில் கறுப்புக் கட்டம் கட்டி வருகிற சொல் அது.

எங்கள் பேச்சில் "காது கொய்ங்குது", "காதுக்குள்ள வண்டு கத்துது" என்போம்.

கோட்டையூர்:

தவில்காரர் வாயில் வந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டு! சில்வண்டின் பழம்பெயர் சிள்வீடு. அகநானூற்றில் வேர் உலர்ந்து உள் துளையாகிப்போன வற்றல் மரத்தில் இருந்துகொண்டு அது தேர்மணி போல ஆர்க்கிறது. இலத்தீனில் டின்னிடஸுக்கு மூலம் மணி ஒலிப்பதைக் குறிக்கும் வினை. அங்கும் மணி, இங்கும் மணி. மரம் வற்றியது, உள்ளே துளை, அதிலிருந்து ஓயாத ஒலி. காக்ளியாவுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. 'செவிச்சிள்.' ஐந்தே எழுத்து. 'சிள்' வெறும் ஒலிக்குறிப்பு, எந்த மொழியிடமும் கடன் வாங்கவில்லை. சிள், சில், சிலம்பு, சிலை (சிலைத்தலும் ஓசைதானே), எல்லாம் ஒரு குடும்பம் என்றே எனக்குப் படுகிறது.

தேவகோட்டை (வைத்தியர்):

ஆயுர்வேதத்தில் 'கர்ணநாதம்' என்று நூற்றாண்டுகளாக இருக்கிறது. புதிதாக எதற்கு?

கண்டனூர்:

அண்ணே, நாதம் என்பது நாங்கள் வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத்தில்) தேடுவது. தோல் பதமாக இறுகி நாதம் பேசவேண்டுமென்று பாடுபடுகிறோம். வியாதிக்கு அந்தப் பேரா?

கோட்டையூர்:

வடசொல் வேறு. நாதசுரம் என்று எழுதுகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். நாகசுரம் என்பதே சரியான வடிவம்.

தேவகோட்டை:

நான் நாதசுரம் என்று எங்கே எழுதினேன்? சுரம் மட்டும் எந்த ஊர்ச் சொல்லாம்?

காரைக்குடி:

நாகமா நாதமா என்பதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு வெள்ளிக்கிழமை.

செவிச்சிள் அழகாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் சில்வண்டு கேட்பதில்லை. சிலருக்குக் குக்கர் சீறல், சிலருக்கு ஒற்றைச் சுரம். ஒற்றைச் சுரமாகக் கேட்டாலும் அது சுருதியோடு சேராது. ஒரு கட்டைச் சுருதியின் சட்ஜம் சுமார் 261.6 ஹெர்ட்ஸ். நான்கு ஸ்தாயி மேலே ஏறினால்தான் 4186. பலருக்கு ஒலி அந்த உயரத்தில்தான். நாடியோடு சேர்ந்து துடிக்கிற வகையும் உண்டு. அப்படித் துடித்தாலோ, ஒரே காதில் மட்டும் வந்தாலோ மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் உடனே ஓடவேண்டும், மருந்து முதல் சில நாளில்தான் நன்றாக வேலை செய்யும். சொல் இத்தனையையும் அடக்கவேண்டும். வண்டு மட்டும் என்றால், சீறல் கேட்கிறவர் 'இது நமக்கில்லை' என்று தாளை மடித்து வைத்துவிடுவார்.

'பொய்யொலி', 'மாயவொலி' என்றும் தனிமடலில் வந்தன. அவை வேண்டாம். கேட்கிறவருக்கு அது மெய்.

இடையில் இன்னொன்று. சாதாரண ஒலியே குத்துகிற மாதிரி இருப்பதற்கு என்ன சொல்ல?

கண்டனூர்:

பல் கூச்சம், கண் கூச்சம் மாதிரி ஒலிக்கூச்சம்.

பள்ளத்தூர்:

ஏற்கத்தக்கது.

கோட்டையூர்:

மறுப்பில்லை.

காரைக்குடி:

இடையில் கேட்ட சொல் மூன்றே மடலில் முடிந்துவிட்டது!

கண்டனூர்:

தலைப்பை விடுங்கள், உள்ளே இருக்கும் 'இரைச்சல்' எனக்கு உறுத்துகிறது. "இரைச்சலால் வந்த" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இரைச்சல்? கெட்டிமேளமா? தொழிலை இரைச்சல் என்கிற தாளை எந்த மேளக்காரர் கையில் வாங்குவார்? வாங்கினாலும் 'இது ஆலைக்காரனுக்கு' என்று வைத்துவிடுவார். மாற்றவேண்டியது நோயின் பெயரை அல்ல, காரணத்தின் பெயரை.

சத்தத்தின் அளவைக் கூட்டுகிற சங்கதிகளையும் சேருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். செட்டிநாட்டு வீட்டு முகப்பில் அப்படிக் குறையாது. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், ஒலியைக் குடிக்க ஒரு துணி கிடையாது. நாலடி தள்ளி உட்கார்ந்தும் பயனில்லை. ஜமுக்காளம் விரித்து, பின்சுவரில் கனத்த திரை கட்டினால் கொஞ்சம் அடங்கும். ஒலிபெருக்கிக்காரர் எங்களைப் பார்த்துத் திருப்பி வைக்கிற பெட்டியைக் காது மட்டத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் அடுத்த தவில் இருக்கிறதோ அந்தக் காது முந்திக் கெடும், வயலின்காரருக்கு இடக்காது கெடுவதுபோல. நீண்ட கச்சேரியில் பக்கம் மாறி நிற்கலாம்.

காரைக்குடி:

அடிமடையைத் தொட்டுவிட்டீர்கள். ஒரு நாளில் காது எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு இப்படி: 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம். 3 கூடினால் நேரம் பாதி. 88க்கு 4 மணி, 91க்கு 2, 94க்கு 1, 100க்கு வெறும் 15 நிமிடம். 15 டெசிபெல் குறைக்கும் வடிகட்டி வைத்த காதுச்செருகி போட்டால் 100 என்பது 85 ஆகிவிடும், 15 நிமிடம் 8 மணி நேரமாகும்.

நுரைப்பஞ்சுச் செருகியைக் கலைஞர்கள் வெறுப்பதற்குக் காரணம் உண்டு. அது மேல்ஸ்தாயியை அதிகம் விழுங்கும். வலந்தலை மொத்தையாகக் கேட்கும், வாசிப்பவர் இன்னும் ஓங்கி அடிப்பார், விரல் கூடு உடையும். வேறு வழியில்லாதபோது மெல்லிசாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டதும் போடாததும் ஒன்று.

நாகசுரத்துக்கு வேறு சிக்கல். சீவாளி உதட்டில் இருக்கையில் காதை மேலோட்டமாக அடைத்தால் சொந்த ஒலி எலும்பு வழியே வந்து மண்டைக்குள் முழங்கும். காதில் அச்சு எடுத்து, துளையின் இரண்டாம் வளைவு தாண்டி இறங்குகிற செருகி வேண்டும்.

வீட்டிலும் நாள் முழுக்கச் செருகியோடு இருக்கக்கூடாது. அமைதி கூடக் கூட மூளை பெருக்கத்தைக் கூட்டும், ஒலிக்கூச்சமும் சேரும். இரவில் மின்விசிறி அளவுக்கு ஏதாவது ஓடட்டும். உள்ளொலியை மூழ்கடிக்காமல், அதைவிடச் சற்றுத் தாழ்வாக.

பள்ளத்தூர்:

அப்படியானால் காரணம் 'பேரொலி'. தணிப்பது 'வெள்ளொலி'. "பேரொலியால் வரும் காதிரைச்சலுக்கு இரவில் வெள்ளொலி." மூன்றும் மூன்றாக நிற்கின்றன. காது + இரைச்சல், குற்றியலுகரம் கெட்டுக் காதிரைச்சல், புணர்ச்சியும் சுத்தம். அழுங்கலை நான் திரும்பப் பெறவில்லை, ஒத்திவைக்கிறேன்.

கோட்டையூர்:

எளிமை, எளிமை என்று எல்லாவற்றையும் இரைச்சலாக்குங்கள். மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனார் 'மிருச்சகடிகம்' என்ற வடமொழி நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' ஆக்கியபோது யாருக்குப் புரியும் என்று பயந்தாரா?

கண்டனூர்:

சிறுதேர் அவர் ஆக்கியதா, ஐயா? பிள்ளைத்தமிழில் சிறுதேர்ப் பருவம் அதற்கு முன்பே உண்டு. தெருவில் பிள்ளைகள் உருட்டியது. இருந்த சொல்லைத்தான் எடுத்தார்.

கோட்டையூர்:

சிள்வீடும் இருந்த சொல்தான்!

தேவகோட்டை:

ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி.

காரைக்குடி:

காதிரைச்சல் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள், தேவகோட்டை அண்ணன் 'பரவாயில்லை' என்கிற அளவில். தலைப்பு: "பேரொலியும் காதிரைச்சலும்". உள்ளே பேரொலி, வெள்ளொலி, ஒலிக்கூச்சம், காதுச்செருகி. 'காதடைப்பு' என்று போடவில்லை; அது நோய்க்குறி போலக் கேட்கிறது.

கோட்டையூர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கீழே ஓரத்தில் சிறிய எழுத்தில் 'செவிச்சிள் என்றும் சொல்லலாம்' என்று ஒரு வரி?

காரைக்குடி:

இடமில்லை ஐயா. அந்த ஓரத்தில் எதிர்க்கையால் காதை இழுக்கிற படம் வருகிறது.